அவள் நன்றி சொல்ல வேண்டியதில்லை

அன்புள்ள சகோதரிக்கு,

டல்லாஸிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. தமிழ்நாட்டுக் காப்பகம் ஒன்றில் இருக்கும் நான்கு வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுக்க நீங்களும் உங்கள் கணவரும் முடிவு செய்திருப்பதைப் படித்து மனம் நிறைந்தது. கடைசியில் ஒன்று கேட்டிருந்தீர்கள்: "நாங்கள் கொடுக்கப்போகிற அன்பில் பழசெல்லாம் அவளுக்கு மறந்துபோய்விடும் அல்லவா?"

மறக்காது. மறக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் கூடாது. உங்களைத் தயங்க வைக்க இதைச் சொல்லவில்லை. ருமேனியாவிலிருந்து பிள்ளைகளை அழைத்துப்போன குடும்பங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும் என்று 1966இல் ருமேனியாவின் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் அரசு கருக்கலைப்பைத் தடைசெய்தது. கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் போயின. 1980களில் வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக உணவுப்பொருட்களை ஏற்றுமதி செய்ததில், சொந்த ஜனங்கள் ரொட்டிக்கும் பாலுக்கும் வரிசையில் நின்றார்கள். வளர்க்க வழியில்லாதவர்கள் பிள்ளைகளை அரசு விடுதிகளில் விட்டார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது அந்த விடுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். அங்கே கைக்குழந்தைகள் அறை நிறையக் கிடந்தும் அழுகைச் சத்தம் கேட்காது. அழுதாலும் யாரும் தூக்க வரமாட்டார்கள் என்பது அந்தப் பிஞ்சுகளுக்குப் பழகிப்போயிருந்தது. சற்றே வளர்ந்தவர்கள் கம்பிக் கட்டிலில் உட்கார்ந்து முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்தக் காட்சிகள் 1990இல் தொலைக்காட்சியில் வந்தபோது அமெரிக்கா, கனடா, பிரிட்டன் என்று பல நாடுகளிலிருந்தும் குடும்பங்கள் ருமேனியாவுக்குக் கிளம்பிப்போயின.

அப்படித் தத்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவர் இசிடோர் ரக்கெல். கைக்குழந்தையிலேயே போலியோ தாக்கியவர். மூன்று வயதிலிருந்து, உக்ரைன் எல்லையோரம் உள்ள சிகேத் ஊரில், 'தேறாத பிள்ளைகள்' என்று அரசு ஒதுக்கியவர்களுக்கான விடுதியில் வளர்ந்தார். அடி, பசி, குளிர் எல்லாம் பார்த்தவர். 1991இல், பதினோரு வயதில், கலிபோர்னியாவின் சான்டியாகோ நகரத்துக் குடும்பம் ஒன்றுக்குப் பிள்ளையானார். அவருக்குத் தனி அறை, பள்ளிக்கூடம், சகோதரிகள் என்று எல்லாம் அமைந்தன. அள்ளிக் கொடுக்க அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். ஆனாலும் அவர் வளர வளர வீட்டில் சண்டை வளர்ந்தது. அணைக்கப் போனால் விலகினார், கண்டித்தால் வெடித்தார். ஒரு கட்டத்தில் வீட்டைவிட்டே போய்விட்டார். பிறகு குடும்பத்தார் கார் விபத்தில் சிக்கிய செய்தி கேட்டுப் பூக்களோடு தேடி வந்தார். அறுந்த உறவு அங்கிருந்து மெல்லத் துளிர்த்தது. இன்று தன்னைப்போல் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காக மேடைகளில் பேசுகிறார். தன் கதையைப் புத்தகமாகவும் எழுதியிருக்கிறார். அந்தப் பெற்றோர் அன்பில் குறை வைக்கவில்லை. யாரிடமும் ஒட்டாமல் இருந்தால்தான் பிழைக்கலாம் என்று அந்தப் பையனின் உடம்பு அதற்கு முன்பே கற்றிருந்தது. கற்றதைக் கைவிட அவருக்கு வருஷங்கள் தேவைப்பட்டன.

இது ஒரு வீட்டுக் கதையோடு முடியவில்லை. ருமேனியாவிலிருந்து பிரிட்டனுக்குப் போன 165 குழந்தைகளை மனநல அறிஞர் மைக்கேல் ரட்டரும் அவருடைய குழுவினரும் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதத்துக்குள் விடுதியை விட்டு வந்தவர்கள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்குமேல் அங்கே இருந்தவர்களில் பலருக்குக் கவனம் நிற்காமை, பழகுவதில் சிக்கல், முன்பின் தெரியாதவர்களோடு தயக்கமில்லாமல் போய்விடுவது ஆகியவை வளர்ந்த பிறகும் நீடித்தன. படிப்பிலும் புத்தியிலும் பின்தங்கியிருந்தவர்கள் பலர் காலப்போக்கில் எட்டிப்பிடித்தார்கள். நெடுங்காலம் விடுதியில் கிடந்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு எந்தக் கட்டத்திலும் குறிப்பிடத்தக்க பிரச்சினை வரவில்லை.

சகோதரி, நீங்கள் பார்த்த காப்பகம் சிகேத் விடுதியைப் போன்றது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே அவளைத் தூக்கி வளர்த்த ஆயா ஒருவர் இருக்கலாம். அது பெரிய பாக்கியம். ஆனால் எவ்வளவு நல்ல காப்பகத்திலும் ஆட்கள் மாறுவார்கள், ஷிஃப்ட் மாறும். தனக்கே தனக்கென்று ஒருத்தி இருப்பது எப்படி என்பதை உங்கள் மகள் உங்களிடம்தான் முதல்முறையாகக் கற்கப்போகிறாள்.

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், "யார் கூப்பிட்டாலும் போகுது, என்ன சமத்து!" என்று மெச்சுவார்கள். நீங்கள் அதில் மயங்க வேண்டாம். எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும் பிள்ளைக்குத் தன்னுடைய ஆள் யாரென்று இன்னும் தெரியவில்லை என்று பொருள். முதல் சில மாதங்களுக்கு அவளுக்குச் சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் உங்கள் இருவர் கையாலேயே நடக்கட்டும். விருந்து, கோயில், பிறந்தநாள் கொண்டாட்டம் எல்லாம் பொறுத்திருக்கும். நீண்ட விடுப்பு எடுக்க வழியிருந்தால் இருவரும் மாற்றி மாற்றி எடுங்கள். தலையணைக்கு அடியில் ரொட்டித்துண்டை ஒளித்து வைத்தால் திருட்டு என்று சொல்லிவிடாதீர்கள். அவள் கைக்கு எட்டும் இடத்தில் எப்போதும் ஏதாவது தின்ன வையுங்கள். வீட்டில் தமிழே பேசுங்கள். ருமேனியப் பிள்ளைகளைக் கூட்டிப்போனவர்களுக்குக் கிடைக்காத வசதி இது: அவள் அறிந்த மொழியிலேயே நீங்கள் அவளைத் தேற்றலாம். அவள் பெயரையும் மாற்றாதீர்கள். அவள் கையோடு கொண்டுவரும் சொத்து அது ஒன்றுதான்.

அடுத்து, பத்திரங்கள். சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் பொய்க் காகிதங்களோடு நெதர்லாந்து, ஆஸ்திரேலியா வரை தத்துப் போனது 2005இல் அம்பலமானது. இங்கே பெற்ற தாய் தேடி அலைந்தாள். அங்கே வளர்த்தவள் ஒன்றும் அறியாமல் கொஞ்சினாள். இரண்டு பேருக்கும் அது தீராத வேதனை. 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இத்தகைய கொடுமைகளைத் தடுக்கத்தான் வந்தது. குழந்தைக்குச் சொந்த நாட்டிலேயே குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும், கிடைக்காதபோதுதான் வெளிநாடு என்பது அதன் அடிப்படை. இந்தியா 2003இல் அதில் இணைந்தது. நம் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமும் அதே வழியில் செல்கிறது. வெளிநாடுவாழ் இந்தியர் என்பதால் உங்களுக்கு உள்நாட்டவருக்குச் சமமான முன்னுரிமை உண்டு. ஆனால் அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு வழியாக, இந்தியாவின் மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான காராவின் மூலம்தான் எல்லாம் நடக்க வேண்டும். "நேரில் வந்தால் சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். குழந்தையைப் பற்றிய அறிக்கையையும் மருத்துவ அறிக்கையையும் நல்ல குழந்தை மருத்துவர் ஒருவரிடம் காட்டி, வரிவரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். வந்த பிறகு இரண்டு வருஷம் அவள் முன்னேற்றம் பற்றி அறிக்கை போகும். அதை அரசாங்கத் தொந்தரவாக நினைக்காமல், உதவி கேட்கக் கிடைத்த வாய்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. "பெரிய புண்ணியம் பண்ணியிருக்கீங்க" என்று அவள் காதுபடவே பலர் உங்களை வாழ்த்துவார்கள். அந்தப் பேச்சை உடனே நிறுத்துங்கள். புண்ணியத்துக்காகக் கொண்டுவரப்பட்டவள் என்று அறிந்த பிள்ளையால் வீட்டில் உரிமையோடு கோபப்பட முடியாது. கோபப்பட முடியாத இடம் எந்தப் பிள்ளைக்கும் வீடாகாது. பிற்பாடு அவள் கதவை அறைந்து சாத்தினால், "உனக்காக எவ்வளவு செய்தோம்" என்ற வாக்கியம் உங்கள் இருவர் வாயிலிருந்தும் வரவே கூடாது. உங்களுக்கும் பிள்ளை வேண்டும் என்ற ஆசை இருந்தது. அவளுக்கும் பெற்றோர் தேவைப்பட்டார்கள். இதில் யாரும் யாருக்கும் கடன்படவில்லை.

அவள் தத்துப் பிள்ளை என்பதை முதல் நாளிலிருந்தே, அவளுக்குப் புரிகிற அளவில், சொல்லி வளருங்கள். காப்பகத்தில் எடுத்த படங்கள், ஆயாவின் பெயர், அவள் கண்டெடுக்கப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட விவரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பெரியவளானதும் தன் பூர்விகத்தைத் தேட அவளுக்கு விதிமுறைகளே வழி தருகின்றன. அந்த நாளில் அவளுக்கு முன்னால் டிக்கெட் எடுத்துக்கொண்டு நிற்பவர்கள் நீங்களாக இருக்க வேண்டும்.

உங்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றி உங்களிடமே கேட்கிறேன். பழசையெல்லாம் நினைவில் வைத்திருக்கிற, சில வருஷம் உங்களை அம்மா என்று நம்பாமலும் இருக்கக்கூடிய ஒரு பெண்ணை நீங்கள் மகளாக ஏற்பீர்களா? ஏற்போம் என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தால், தயங்காமல் அவளை அழைத்துவாருங்கள்.

அன்புடன்.