விடியற்காலை மலை ஓட்டம்: ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

சிப்காட் கம்பெனி பஸ்கள் ஆளெடுக்க வருவதற்கு முன்பே சந்திரசூடேஸ்வரர் மலைப்பாதையில் ஓடி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எந்த ஷூ நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் பாதி வேலை வீட்டில், முந்தின ராத்திரியே முடிகிறது.

1. ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கம்தான் தொடையைப் பிடிக்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்புப் பாரத்தைத் தாங்குகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்கக் கைப்பிடி தேடுவீர்கள். புதியவர்கள் முதல் சில வாரம் ஏறும்போது ஓடி, இறங்கும்போது நடந்து வாருங்கள். பிறகு இறக்கத்தில் ஓடினாலும் அடியைக் குறுக்கி வையுங்கள். எட்டி வைத்தால் முட்டிக்குக் கேடு.

2. கால் நகத்தை நேராக, சிறிதாக வெட்டி வையுங்கள். இறக்கத்தில் விரல் ஷூ முனையில் இடித்துத்தான் நகம் கறுக்கிறது. கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் சரியாது.

3. ஓசூர் ஏறக்குறைய 3,000 அடி உயரம். மார்கழி, தை மாதங்களில் தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிய சட்டை இரண்டு மேல். பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்துக்கொண்டு, நின்றதும் நடுக்கும். உலர்ந்த சட்டை ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள்.

4. ஓடப்போகும் முன் பாதி வாழைப்பழம் போதும். ராகிக் கூழை வந்த பிறகு மோர், உப்பு, சின்ன வெங்காயத்தோடு குடியுங்கள். களி மதியத்துக்கு.

5. நிறைய வியர்த்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டும் தலைதட்டிய அளவு. உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி கோட்டை மலைகளில் நன்றாக வெளிச்சம் வந்தபின் ஏறுங்கள். 1791இல் ராயக்கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயப் படை, அதே ஆண்டு கிருஷ்ணகிரி மலையில் ஏற முயன்று முடியாமல் திரும்பியது. கோட்டையில் இருந்தவர்கள் மேலிருந்து கல்லை உருட்டிவிட்டார்களாம். இன்று கல் உருட்ட ஆளில்லை. வழவழப்பான பாறையில் படிந்த பனி ஈரமே ஆளைச் சாய்த்துவிடும். பாறை இடுக்கில் தேன்கூடு தொங்கினால் சத்தம் போடாமல் திரும்பிவிடுங்கள்.

7. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, சானமாவு பக்கம் இருட்டில் ஓடவே வேண்டாம். ராகி அறுவடைக் காலத்தில் யானைகள் ராத்திரி வயலுக்கு வந்து, விடியும் நேரத்தில்தான் காட்டுக்குத் திரும்பும். காதில் பாட்டு ஓடினால் கிளை முறியும் சத்தம் கேட்காது. முந்தின நாள் யானைக் கூட்டம் எங்கே நின்றது என்று ஊர்க்காரர்களிடமோ வனத்துறையிடமோ கேளுங்கள்.

8. நனைந்த ஷூவை அடுப்போரமோ கடும் வெயிலிலோ வைத்தால் பசை விட்டுப்போகும். உள்தகட்டை உருவிவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். வாடை போக, காய்ந்த ஷூவில் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவை ராத்திரி தூவி, காலையில் தட்டிவிடுங்கள்.

9. நைட் ஷிப்ட் முடித்து நேராக மலைக்குப் போகாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் கால் இடறும், திரும்பி வண்டி ஓட்டுவது அதைவிட ஆபத்து. தூங்கி எழுந்து சாயங்காலம் ஓடுங்கள். மலை அங்கேயேதான் இருக்கும்.