டாபர்மேனுக்கு வால் உண்டு

எட்டாம் வகுப்பில் விலங்கு நலம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்தான். "எங்க வீட்டு டாபர்மேனுக்குக் குட்டியிலேயே வாலை வெட்டியாச்சு சார். வால் இருந்தா டாபர்மேன் மாதிரியே இருக்காது." வகுப்பு சிரித்தது. அவன் வீட்டாரைக் குற்றவாளியாக்காமல் எப்படிப் பதில் சொல்வது? மறுநாள் சட்டத்தையே வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

டாபர்மேன் நீண்ட வாலுடன்தான் பிறக்கிறது. அதன் காதும் தொங்கும் காதுதான். வெட்டிப் பல வாரம் கட்டுப்போட்டு நிமிர்த்துகிறார்கள். இதைக் கேட்டுப் பலரும் வியந்தனர்.

1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவில், விலங்கின் உறுப்பைச் சிதைப்பதைக் குற்றமாகக் கூறுகிறது. அதே பிரிவில் சில விலக்குகளும் உண்டு: மாட்டின் கொம்பை நீக்குதல், காயடித்தல், சூடுபோட்டு அடையாளமிடுதல், மூக்கணாங்கயிறு குத்துதல். இவற்றையும் விதிப்படியே செய்ய வேண்டும். நாயின் வாலும் காதும் இந்த விலக்குகளில் இல்லை. ஆனால் அவற்றை வெட்டக்கூடாது என்றும் சட்டம் பெயர் சொல்லவில்லை. 'சிதைத்தல்' என்ற சொல்லின் பொருளில்தான் வாதம் நிற்கும். முதல் முறைக் குற்றத்துக்கு அபராதம் ரூ.10 முதல் ரூ.50 வரை. "பஸ் டிக்கெட்டா சார்?" என்றாள் ஒருத்தி. நியாயமான கேள்வி.

ஐரோப்பாவின் 1987-ஆம் ஆண்டு செல்லப்பிராணிகள் உடன்படிக்கை மழுப்பவில்லை. வால் வெட்டுதல், காது வெட்டுதல், குரல்நாண் அகற்றுதல், நகம் நீக்குதல், பல் பிடுங்குதல் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. பூனைக்கு நகம் நீக்குவது நகம் வெட்டுவது போலன்று. விரலின் கடைசி எலும்பையே எடுப்பது. மாணவர்களைத் தம் விரல் நுனிக் கணுவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வேறு விளக்கம் வேண்டியிராது. மருத்துவக் காரணத்துக்கும் கருத்தடைக்கும் அங்கே விலக்கு உண்டு.

"தெருநாய் காதுல வெட்டு இருக்கே?" என்று நிச்சயம் கேட்பார்கள். அது கருத்தடை செய்ததன் அடையாளம். மயக்கத்தில் இருக்கும்போதே இடப்படுவது. மீண்டும் பிடித்து அறுவை மேசையில் கிடத்தாமல் அந்த நாயைக் காப்பதும் அதுவே.

பிறகு குழுவுக்கு ஒரு சூழல் கொடுத்தேன்: வாலில் கட்டி வந்த நாய், கண்காட்சிக்குப் போகும் குட்டி, ஓயாமல் குரைப்பதால் பக்கத்து வீட்டார் புகார் செய்யும் நாய். முதலிரண்டும் ஐந்து நிமிடத்தில் முடிந்தன. மூன்றாவதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. டாபர்மேன் வீட்டு மாணவன், குரலை எடுக்கக்கூடாது என்ற பக்கம் நின்று வாதாடினான். மணி அடித்தும் நிறுத்தவில்லை.