வேலிக் கம்பம் மண்மட்டத்தில் இற்றுப்போவது ஏன்?

குன்றக்குடி வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் வேலியைச் சுற்றி வந்தால் சில கம்பங்கள் சாய்ந்திருப்பதைக் காணலாம். பிடுங்கிப் பார்த்தால் மேல்பகுதி உறுதியாக இருக்கும்; மண்மட்டத்தில் மட்டும் மரம் பொடிந்திருக்கும்.

மரத்தைத் தின்பது மழைநீரல்ல, பூசணம். இதற்கு ஈரம், காற்று, வெதுவெதுப்பு மூன்றும் ஒருசேர வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதத்துக்குக் கீழ் உள்ளவரை பூசணம் வளராது. நீரில் மூழ்கிய மரத்தில் காற்றில்லை; கிணற்றுக்குள் கிடக்கும் நாவல் பலகை கெடாதிருப்பது இதனால்தான். மூன்றும் கூடும் இடம் மண்மட்டம்.

தட்பவெப்பத்தைக் கொண்டு மரக்கேட்டை மதிப்பிட, அமெரிக்க வனப்பொருள் ஆய்வுக்கூடத்தின் ஷெஃபர் 1971-இல் ஒரு கணக்கு வகுத்தார். மாதச் சராசரி வெப்பத்தில் (சென்டிகிரேடு) 2-ஐயும், மழைநாட்களில் 3-ஐயும் கழித்து, இரண்டையும் பெருக்கி 16.7-ஆல் வகுக்க வேண்டும். பன்னிரண்டு மாதக் கூட்டுத்தொகை 35-க்குக் கீழானால் கேடு குறைவு. 65-க்கு மேலானால் மிகுதி. வெப்பம் 26 டிகிரி, மழைநாள் 12 உள்ள மாதத்துக்கு ஏறக்குறைய 13 வரும். மழைநாள் மூன்றைத் தாண்டாத கோடை மாதத்துக்கு ஒன்றுமில்லை. எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்பது கணக்கிலேயே இல்லை! ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழையைவிட, பத்து நாள் விட்டுவிட்டுப் பெய்யும் தூறலே மரத்துக்குப் பகை.

இக்கணக்கு மண்ணுக்கு மேலுள்ள மரத்துக்கே பொருந்தும். கரையானுக்கும் இதில் இடமில்லை. செம்மண் காட்டில் பூசணம் ஓய்ந்த கோடையிலும் கரையான் ஓயாது.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் மரத்துண்டுகளை மண்ணில் நட்டுச் சோதித்து, 120 மாதத்துக்கு மேல் தாங்குபவற்றை முதல் வகுப்பில் சேர்த்தனர். தேக்கின் வைரம் அவ்வகுப்பு. ஆனால் தேக்கேயானாலும் வெளிறு விரைவில் இற்றுவிடும். இளங்கம்பத்தில் பெரும்பகுதி வெளிறுதான் என்பதை வாங்கும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

பச்சைக் கம்பத்தில் தார் பூசுவது வீண்செலவு. ஈரம் உள்ளேயே அடைபடும். நிழலில் நன்கு உலர்த்திய பிறகே பூச வேண்டும். கம்பத் தலையைச் சரிவாகச் சீவி, அடியில் மண்ணை மேடாக அணைத்தால் நீர் தங்காது. போராக்ஸ் கரைசல் மட்டும் போதாது, மழையில் கரைந்துவிடும். தாமிரம், குரோமியம், போரான் உப்புக்கலவை ஏற்றிய கம்பம் நெடுநாள் உழைக்கும். குரோமிய உப்பு நஞ்சாதலால் வீட்டில் கலக்கலாகாது. கொட்டகைக் கால்களைச் செட்டிநாட்டு வீட்டுத் தூண்களைப்போல் கல்லின்மேல் நிறுத்துவது செலவில்லாத வழி.

பங்குனியில் கம்பத்தடி மண்ணை ஒரு சாண் விலக்கி, கத்தி முனையால் குத்திப் பார்க்கவும். முனை எளிதில் இறங்கினால் அடுத்த மழைக்கு முன் கம்பத்தை மாற்றிவிடலாம்.