வேன் பயணத்துக்குத் திட்டம் போட்டுத் தரும் ஒர்க் ஷீட்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதம் படம் பார்ப்பதிலும் கேம்ஸிலும் போய்விடும். அதன்பிறகு "இதை வைத்து வீட்டுக்கு என்ன பிரயோஜனம்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். எங்கள் வீட்டில் அதற்குப் பதில் சொன்னது ஒரு வேன் பயணம். கண்டமங்கலத்திலிருந்து 11 பேர். காடு பார்க்க வேண்டும், யானை பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆயாவின் ஆசை. அவருக்கு வயது 78, மூட்டுவலி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. தலைக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று சித்தப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள கேரவன் வண்டி நம் பக்கம் சுலபமாகக் கிடைப்பதில்லை. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவை அறிவித்து, 2022-ல் வாகமண்ணில் கேரவன் பார்க்கும் திறந்தது. நாமோ டெம்போ டிராவலரில் பாய், தலையணை, புளிசாதத் தூக்குடன் கிளம்பும் கூட்டம். அதுவும் ஒரு கேரவன்தான் என்பது என் கட்சி.

ஏற்காடா, முதுமலையா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். லிபர்ஆபீஸ் கால்க் இலவசமாகக் கிடைக்கிறது. எக்செல் இருந்தாலும் இதே வேலைதான். புதிய ஒர்க் ஷீட்டைத் திறந்து ஒரு நெடுவரிசையில் ஏற்காடு, அடுத்ததில் முதுமலை என்று டைப் செய்யவும். கீழே மொத்த கிலோமீட்டர், கிலோமீட்டர் வாடகை, நாட்கள், டிரைவர் பேட்டா, ஆட்கள் என்று வரிசையாக விவரங்களைக் கொடுக்கவும். எங்களுக்குச் சொன்ன வாடகை கிலோமீட்டருக்கு 24 ரூபாய், பேட்டா நாளுக்கு 600. வேன்காரர்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவார்கள். எங்களுக்கு 250. இதைக் கேட்காமல் பட்ஜெட் போடாதீர்கள். ஏற்காடு போய் வர சுமார் 450 கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு நாளைக்கு 500-க்குக் காசு கொடுக்க வேண்டும். 12,000-த்துடன் பேட்டா 1,200 சேர்த்து 11-ஆல் வகுத்தால் தலைக்கு 1,200 ரூபாய். முதுமலைக்கு நான்கு நாள், உள்ளூர்ச் சுற்றலோடு 1,000 கிலோமீட்டர். 24,000-மும் பேட்டா 2,400-ம் சேர்ந்து தலைக்கு 2,400. தங்கும் செலவும் சாப்பாடும் தனி. ஆட்கள் என்ற செல்லில் 11-ஐ அழித்து 9 என்று டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். 2,933 ஆகிவிடும். "கடைசி நேரத்தில் யாரும் வரவில்லை என்று சொல்லாதீர்கள்" என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஏற்காட்டில் யானை கிடையாது, எனவே முதுமலை ஜெயித்தது.

இனி முக்கியமான வேலை, நேரக் கணக்கு. ஏ நெடுவரிசையில் ஊர், பியில் முந்தைய ஊரிலிருந்து கிலோமீட்டர், சியில் சராசரி வேகம், டியில் நிற்கும் நிமிடம், இயில் அங்கிருந்து கிளம்பும் நேரம். இரண்டாவது வரியில் கண்டமங்கலம் என்று டைப் செய்து, இ2 செல்லில் மட்டும் 5:00 என்று கொடுக்கவும். மூன்றாவது வரியில் உளுந்தூர்பேட்டை, 60, 50, 20. இ3 செல்லில் இந்த பார்முலாவை, எழுத்துகளை ஆங்கிலத்தில் வைத்து, டைப் செய்யவும்:

=இ2+பி3/சி3/24+டி3/1440

கம்ப்யூட்டருக்கு ஒரு முழு நாள் என்பது 1. அதனால் மணியை 24-ஆலும் நிமிடத்தை 1440-ஆலும் வகுக்கிறோம். விடை புள்ளி வைத்த எண்ணாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இ நெடுவரிசையைத் தேர்வு செய்து, ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் சென்று டைம் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். 6:32 என்று காட்டும். கீழே சேலம் 135, 50, 45. மேட்டுப்பாளையம் 160, 50, 60. உதகை 50, 20, 30. கூடலூர் 50, 25, 0. தெப்பக்காடு 18, 30, 0 என்று கொடுத்து, இ3 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுக்கவும். மலையில் வேகத்தைக் குறைத்துப் போட்டிருப்பதைக் கவனித்தீர்களா? எல்லா வரியிலும் 50 போட்டால் பயணம் காகிதத்தில் மட்டும்தான் சுகமாக இருக்கும்.

தெப்பக்காட்டில் விடை 19:47. நல்ல இருட்டு, யானை நடமாடும் சாலை. இதில் ஆயாவின் கால் கணக்கு இன்னும் சேரவில்லை. சேலத்துக்கு முன் ஆத்தூர் (85 கி.மீ.), மேட்டுப்பாளையத்துக்கு முன் பவானி (60 கி.மீ.) என்று தலா 20 நிமிடம் சேர்க்க வேண்டும். வரி எண்ணில் ரைட் கிளிக் செய்து இன்சர்ட் கொடுத்தால் புதிய வரி வரும். சேலத்தின் தூரத்தை 50 என்றும் மேட்டுப்பாளையத்தை 100 என்றும் மாற்றவும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. புதிய வரிக்குக் கீழே உள்ள பார்முலா பழைய மேல் வரியையே பிடித்துக்கொண்டிருக்கும். எனவே இ3-லிருந்து மறுபடி கடைசிவரை இழுத்துவிடவும். இப்போது 20:27.

விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பலாமே என்றார் சித்தப்பா. இ2-ல் 3:00 போட்டால் 18:27 வருகிறது. ஆனால் டிரைவர் பதினைந்தரை மணி நேரம் வண்டியில் இருக்கிறார், அதுவும் கடைசி நான்கைந்து மணி நேரம் மலைப்பாதையில். நான் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் நாளை மேட்டுப்பாளையத்தோடு நிறுத்தினால் பகல் 1:51-க்குள் அங்கே இருக்கலாம். மறுநாள் காலை 7 மணிக்குக் கிளம்பி, உதகையில் இரண்டு மணி நேரம், கூடலூரில் சாப்பாட்டுக்கு 45 நிமிடம் நின்றாலும் 2:51-க்கு தெப்பக்காடு. மாலையில் முகாம் யானைகளுக்கு உணவு கொடுப்பதைப் பார்க்க நேரம் இருக்கும். 2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்' குறும்படத்தில் வந்தது இந்த முகாம்தான்.

ஒர்க் ஷீட்டுக்குத் தெரியாத சங்கதிகளும் உண்டு. கூகுள் மேப்ஸில் உதகையிலிருந்து மசினகுடிக்குப் பார்த்தால் கல்லட்டி வழி குறுக்காகத் தெரியும். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சரிவில் வெளியூர் வாகனங்கள் இறங்க அனுமதிப்பதில்லை. கூடலூர் வழிதான். தெப்பக்காட்டைத் தாண்டி பந்திப்பூர் செல்லும் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். முதுமலை 2007 முதல் புலிகள் காப்பகம். காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குவது, சமைப்பது, கூடாரம் போடுவது எதுவும் கூடாது. தங்குவதற்கு வனத்துறை விடுதியை முன்பதிவு செய்யவும், அல்லது காட்டுக்கு வெளியே அறை பார்க்கவும். கோடையில் காட்டுத்தீ பயத்தால் சுற்றுலாவை நிறுத்திவைப்பதும் உண்டு. நாள் குறிக்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

நீலகிரிக்குள் வெளியூர் வண்டி நுழைய உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். பிரவுசரில் அரசின் இ-பாஸ் தளத்தைத் திறந்து, வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, தேதி, தங்குமிடம் கொடுக்க வேண்டும். எனவே வேனை முடிவு செய்த பிறகே இதற்கு உட்காரவும். வரும் பாஸை பிடிஎப் ஆக சேமித்து, பயணத்துக்கென்று ஒரு போல்டர் உருவாக்கி அதில் போட்டு வைக்கவும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒர்க் ஷீட்டை பிரின்ட் செய்யும் முன் பிரின்ட் பிரிவ்யூ பாருங்கள். நேர நெடுவரிசை அடுத்த பக்கத்துக்கு ஓடியிருந்தால் பேஜ் செட்டப்பில் லேண்ட்ஸ்கேப் என்று மாற்றவும். இரண்டு காப்பி எடுத்து, ஒன்றை டிரைவரிடம் முந்தைய நாளே கொடுத்துவிடுங்கள். எங்கள் டிரைவர் அதைப் பார்த்து, சேலம் பைபாஸில் நெரிசல் இருக்கும் என்று 15 நிமிடம் கூட்டச் சொன்னார். டி நெடுவரிசையில் சேலத்துக்கு நேராக 45-ஐ 60 ஆக்கினேன், கீழே உள்ள நேரங்கள் எல்லாம் தானாக நகர்ந்துகொண்டன.