அறியா வினாவுக்கு இடம் கொடுப்போம்

வினா ஆறு வகைப்படும் என்பது நன்னூல் காட்டும் இலக்கணம். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என அவற்றைப் பள்ளியில் மனனம் செய்யாதார் இலர். விடையைத் தான் அறிந்திருந்தும், பிறர் அறிவாரா எனச் சோதிக்கக் கேட்பது அறிவினா. தான் அறியாததை அறிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. முன்னது ஆசிரியருக்கும் பின்னது மாணவருக்கும் உரியது. எனினும் நம் தொடக்கப் பள்ளிகளில் மிகுதியாக ஒலிப்பவை அறிவினாக்களே. குழந்தையின் அறியா வினாவுக்கு வகுப்பறையில் இடம் உண்டா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

வினாவழிக் கற்றல்

குழந்தை தானே வினா எழுப்பி, விடையை ஊகித்து, செய்து பார்த்து, கண்டதைத் தன் சொல்லால் உரைத்து முடிவுக்கு வருவதே வினாவழிக் கற்றல். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. ஆற்றுவண்டலும் கடல்மணலும் எளிதிற் கிடைக்கும் நம் தலத்தெருவில் இரண்டாம் வகுப்பு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கண் திறந்த இரண்டு கொட்டாங்கச்சிகள். ஒன்றில் மணல், மற்றொன்றில் களிமண். இரண்டிலும் ஒரே அளவு நீர் ஊற்றினால் எதில் விரைந்து இறங்கும்? பிள்ளைகள் முதலில் ஊகம் சொல்வர். பின்னர் ஊற்றிப் பார்ப்பர். மணலில் நீர் விரைந்து இறங்கக் கண்ட பின், "அப்படியானால் நெல் வயலில் மட்டும் தண்ணீர் ஏன் நிற்கிறது?" என ஒரு குழந்தை கேட்கக்கூடும். பாடம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. "அது அடுத்த வகுப்பில் வரும், உட்கார்" என்று ஆசிரியர் சொல்லிவிட்டால் அங்கேயே முடிந்தும் விடுகிறது.

தமிழக அனுபவம்

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியத்தைச் சேர்ந்ததாயினும், அண்டைத் தமிழகத்தின் அனுபவம் நமக்கும் பாடமாகும். ஆந்திர மாநிலம் மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியில் உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பெற்றது. அதற்கு முன்னின்றவர் திரு. எம். பி. விஜயகுமார். 2007-08இல் அது தமிழகமெங்கும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. அட்டைகளின் துணையோடு ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் கற்றது. இவை சிறு மாற்றங்கள் அல்ல. எனினும் அட்டையில் இருந்த வினா அட்டையை எழுதியவருடையது, குழந்தையுடையது அன்று. ஆகவே, செயல் இருக்குமிடமெல்லாம் வினா இருக்கும் எனக் கொள்வதற்கில்லை.

நம் மரபில் வினா

வினாவழிக் கற்றல் மேலைநாட்டுச் சரக்கு என்பார் உளர். ஆசிரியரிடம் நன்கு கேட்டாலும் புலமையில் காற்பங்கே கிட்டும், உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும் என்பது நன்னூலார் கருத்து. இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் முழுமையாகக் கிடைப்பனவற்றில் காலத்தால் முற்பட்டது, வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரமசலா'. 1572இல் மதுரையில் அரங்கேறிய அந்நூலின் பெயரிலுள்ள 'மசலா' வினாவைக் குறிக்கும் அரபுச் சொல். அப்துல்லா இப்னு சலாம் வினவ, நபிகள் நாயகம் (ஸல்) விடையிறுப்பதாக நூல் அமைந்துள்ளது. வினவியவர் அதட்டப்படவில்லை, விடை பெற்றார், தெளிவும் பெற்றார். வினாவையே காப்பியமாக்கிய சமுதாயம் குழந்தையின் வினாவுக்கு அஞ்சலாமா?

மனனத்தை இகழ்வது நம் கருத்தன்று. திருமறையை நெஞ்சிற் சுமக்கும் ஹாபிழ்களைப் போற்றும் சமுதாயம் நம்முடையது. வாய்பாடும் மனத்தில் நிற்கத்தான் வேண்டும். மனனம் செல்வத்தைக் காக்கும். வினா அதனைப் பெருக்கும். இரண்டும் வேண்டும்.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் எல்லா வினாவுக்கும் விடை கூற இயலாது என்பது உண்மையே. நாளொன்றுக்கு ஒரு குழந்தையின் வினாவையேனும் கரும்பலகையில் எழுதலாம். விடை தெரியாதபோது "தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று ஆசிரியர் சொல்வது இழுக்கன்று. பெற்றோரும் மாலையில், "இன்று என்ன படித்தாய்?" என்பதோடு நில்லாமல், "இன்று என்ன கேட்டாய்?" எனவும் வினவுவாராக. நாளை இக்கல்லூரி வாயிலுக்கு வரும் மாணவன் வாய் திறந்து கேட்பதும் கேளாதிருப்பதும் ஏழு வயதில் அவன் கேட்ட முதல் வினாவை நாம் எவ்வாறு ஏற்றோம் என்பதைப் பொறுத்ததே.