பழைய ஸ்கார்ப்பியனும் உன் கணக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

சங்கத்தின் பொங்கல் மலரில் உன் கட்டுரையைப் பார்த்தேன். நகைக்கடை விளம்பரத்துக்கும் குழந்தைகள் வரைந்த கரும்புப் படங்களுக்கும் நடுவில் ஓர் ஆக்ஸியல் ஏஎக்ஸ்10 ஸ்கார்ப்பியன் உறுப்பு உறுப்பாகப் பிரிந்து கிடந்தது. பாறை ஏறும் ரிமோட் வண்டியான ராக் கிராலரைப் பற்றித் தமிழில் ஒருவன் நான்கு பக்கம் எழுதி, மலர்க்குழுவும் அதை வெட்டாமல் போட்டிருக்கிறதே என்று நல்ல மனநிலையில்தான் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் பக்கத்தில் அந்த அட்டவணை வந்தது.

"பழையதை மாற்றியதில் மிச்சம்: 180 டாலர்." கொட்டை எழுத்து வேறு. புதிய கிட் வாங்காமல் பழைய ஸ்கார்ப்பியனையே மாற்றியமைத்ததில் நீ மிச்சம் பிடித்ததாம்.

இந்த மாதிரிக் கணக்கைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புதிய கிட் பக்கத்தில் என்னென்ன எழுதியிருக்கிறாய்? கிட் விலை. அதன்மேல் மோட்டார், அதன் வேகத்தை ஆளும் இ.எஸ்.சி., சக்கரத்தைத் திருப்பும் சர்வோ, ரேடியோ, பேட்டரி. சரி, கிட் பெட்டிக்குள் அதெல்லாம் இருக்காதுதான். பழைய வண்டிப் பக்கத்தில்? சேசிஸ் ரெயில், ரிம், டயர், பாடி, கொஞ்சம் ஸ்க்ரூ. மின்சாமான்கள் எங்கே என்று தேடினால் அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கின்றன: "கையில் இருந்தவை." தம்பி, புதிய கிட்டை வாங்கியிருந்தாலும் அதே கைதானே? அதே சாமான்களை அதிலும் போட்டிருக்கலாமே! இரண்டு பக்கத்திலும் அடித்துவிட்டுக் கூட்டிப் பார். உன் 180 டாலரில் எவ்வளவு தேறும் என்று எனக்குத் தெரியும், நீயும் கண்டுபிடி.

அந்தக் "கையில் இருந்த" இ.எஸ்.சி. நிக்கல் பேட்டரி காலத்தது. இன்றைய லைப்போ பேட்டரியில் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி பாழ். அந்த எல்லையில் தானாக நிறுத்திக்கொள்ள உன் பழைய டப்பாவுக்குத் தெரியாது. கடைசிப் பக்கத்துப் படத்தில் மேசை ஓரமாக ஒரு பேட்டரி தலையணைபோல் வீங்கிக் கிடக்கிறதே, அது அட்டவணையில் எந்த வரி? அந்த இ.எஸ்.சி.யில், விசையை விட்டதும் வண்டியைப் பிடித்து நிறுத்தும் டிராக் பிரேக்கும் கிடையாது. விசையை விட்டதும் வண்டி சரிவில் பின்னோக்கி உருள்வதை "பழைய வண்டியின் குணம்" என்று எழுதியிருக்கிறாய். வண்டியைக் குறை சொல்லாதே. அதன் ஆக்சிலும் கியர்பாக்ஸும் இன்றைக்கும் தங்கம். முதல் எஸ்சிஎக்ஸ்10-ஐச் செய்தபோது ஆக்ஸியல்காரர்கள் ஸ்கார்ப்பியனிலிருந்து எடுத்து வைத்த பாகங்கள் அவைதாம். அதனால்தான் நீ வாங்கிய ரெயில்களாலான ஏணிச் சட்டத்தில் அவை உனக்குச் சண்டையில்லாமல் உட்கார்ந்தன. பல்சக்கரத்தைக் காப்பாற்று, மின்சாமானைத் தூக்கிப் போடு என்றுதான் யாரும் சொல்வார்கள். நீ நேர்மாறாகச் செய்து, அதற்குச் சிக்கனம் என்று பெயரும் வைத்திருக்கிறாய்.

மிச்சம் பிடிப்பதற்காக யாரும் பழைய வண்டியைப் பிரிப்பதில்லை. ஆசைக்காகப் பிரிக்கிறோம். ஆசை என்றே எழுதியிருந்தால் இந்தக் கடிதத்தில் பாதி மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது வேகம். பழைய 2.2 டயர் 140 மி.மீ., புதிய 1.9 டயர் 107 மி.மீ. என்று நீயே அளந்து எழுதியிருக்கிறாய். அதாவது சக்கரம் ஒரு சுற்றுக்குக் கடக்கும் தூரம் கிட்டத்தட்ட கால்வாசி குறைந்துவிட்டது. ஒரு பல்சக்கரத்தைக்கூடத் தொடாமல், இலவசமாகக் கிடைத்த நிதானம் அது. அதை என்ன செய்தாய்? "வேகம் குறைந்ததைச் சரிசெய்ய" 14 பல் பினியனைக் கழற்றிவிட்டு 17 போட்டாய். அது போதாதென்று இரண்டு செல் பேட்டரியை (2எஸ்) எடுத்துவிட்டு மூன்று செல் (3எஸ்). வோல்ட் ஒன்றரை மடங்கு. எல்லாவற்றையும் பெருக்கினால் ஸ்கார்ப்பியன் இந்த மாற்றங்களுக்கு முன்னால் ஓடியதைவிட நாற்பது விழுக்காட்டுக்குக் கிட்ட வேகமாக ஓடும். கல்லின்மேல்! பிறகு, "27 டர்ன் மோட்டார் மெதுவாகப் போக மறுக்கிறது" என்று ஒரு புலம்பல். மறுக்காமல் என்ன செய்யும்? 3எஸ்தான் வேண்டுமென்றால் 55 டர்ன் போடு. பினியனைப் பழையபடி மாற்று. நாங்கள் ஆடிய போட்டிகளில் ரிவர்ஸ் எடுத்தால் ஒரு புள்ளி, கேட் கம்பைத் தொட்டால் பத்து, குறைந்த புள்ளி வாங்கியவன் ஜெயித்தான். முதலில் வந்தவனுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

இனி என் பழைய பல்லவி. உன் அண்ணி இதற்குள் எழுந்து போய்விடுவாள், நீ உட்கார்.

எடை எங்கே இருக்கிறது? கட்டுரை முழுக்கத் தேடினேன், ஒரு வரி இல்லை. பேட்டரியைப் பின்பக்கத் தொட்டியில் வைத்திருக்கிறாய், "நிஜப் பிக்கப்பில் சரக்கு இருக்கும் இடம்" என்பதால். மூன்று செல் பேட்டரி பின் ஆக்சிலுக்கு மேலே, அதுவும் உயரத்தில். கூரையில் ஜெர்ரி கேன், கோடரி, மண்வெட்டி, ஸ்பேர் டயர், ஒரு குட்டிக் கரடி. கரடியை யார் கேட்டார்கள்? வண்டி செங்குத்தாக ஏறும்போது பாரம் தானாகவே பின்னால் போகும். நீயும் அங்கேயே கொண்டுபோய் வைத்தால் முன் சக்கரம் கல்லைத் தொட்டும் தொடாமலும் சுற்றும், அடுத்த நொடி வண்டி மல்லாந்துவிடும். உன் கட்டுரையில் அது மல்லாந்த இடங்களில் எல்லாம் டயரைத் திட்டியிருக்கிறாய்.

சமையலறைத் தராசை எடு. முன் சக்கரங்களைத் தராசிலும், பின் சக்கரங்களை அதே உயரத்துக்குப் புத்தகம் அடுக்கி அதன்மேலும் வை. எண்ணைக் குறி. பிறகு திருப்பி வைத்துப் பின் ஆக்சிலையும் நிறு. முன்னால் 60 விழுக்காடு வரும்வரை பேட்டரியை முன்னோக்கி, கீழ்நோக்கி நகர்த்து. முன் ஆக்சிலின் மேலேயே, சர்வோவுக்குப் பின்னால், ஒரு தகடு போட்டு உட்கார வைக்கலாம். இன்னும் போதவில்லை என்றால் முன் நக்கிளிலும் ரிம்முக்குள்ளும் பித்தளை. அந்த எடை ஸ்ப்ரிங்குக்குக் கீழே, தரையோடு இருப்பதால் ஷாக்கை அமுக்காது. அடுத்து பலகைச் சோதனை: ஒரு பலகையின் குறுக்கே வண்டியை நிறுத்தி, ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கிக்கொண்டே போ. மேட்டுப் பக்கத்துச் சக்கரங்கள் எந்தக் கோணத்தில் எழும்புகின்றன? கரடியோடு ஒருமுறை, கரடியில்லாமல் ஒருமுறை. புதுசா பழசா என்று நான்கு பக்கம் வாதாடுவதற்கு முன்னால் இந்த இரண்டு கோணத்தையும் எழுதியிருக்க வேண்டாமா? டிஆர்எக்ஸ்-4 வண்டியில், வயிற்றை உயர்த்தும் போர்ட்டல் ஆக்சில் வந்த 2017-லிருந்து எல்லோரும் அடிவயிறு எவ்வளவு உயரம் என்பதையே பேசுகிறார்கள். உயர்ந்த வயிற்றோடு உருண்டு விழுவதற்கா?

உன் கட்டுரையில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. ஸ்கார்ப்பியனைப் "பெரியவர்கள் கையால் செய்த காலத்தின் வண்டி" என்கிறாய். 2008 வாக்கில் அது கடைக்கு வந்தபோது எங்களில் பாதிப் பேர் அதைத் தொட மாட்டோம் என்றோம். எங்களுக்கு அதுதான் ரெடிமேட் வண்டி! அதற்கு முன்னால் கிராலர் என்றால் டாமியா க்ளாட் பஸ்டரை உடைத்துச் செய்வது. 1987-இல் வந்த மான்ஸ்டர் டிரக் அது. ஆக்சிலுக்கு ஒரு மோட்டார், நான்கு சக்கரமும் திரும்பும். ஆக்சில்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஓரம் கட்டுவோம். டிஃபரன்ஷியலுக்குள் எபாக்ஸியை அடைத்துப் பூட்டுவோம். சேசிஸ் தகட்டுக்கு வெள்ளை பிளாஸ்டிக்கில் வரும் காய் நறுக்கும் பலகை. அறுக்க எளிது, கல்லில் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் வீட்டுப் பலகைகள் எங்கே போயின என்று உன் அண்ணியைக் கேள், பட்டியலே வைத்திருக்கிறாள். லிங்க்குக்குத் திருகுக் கம்பி, அதன்மேல் அலுமினியக் குழாய். மோட்டார் ஆக்சிலிலேயே இருந்ததால் விசை கொடுக்கும்போது சேசிஸ் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளாது. அந்தச் சுகத்தை ஸ்கார்ப்பியன் எங்களுக்குத் தரவில்லை.

கோடை முடிந்து ஃபோல்சம் ஏரியில் தண்ணீர் இறங்கியதும் கருங்கல் வெளியே வரும். கல் சொரசொரப்பு, பிடிப்பு அபாரம், விழுந்தால் பாடி பாடியாக இருக்காது. அங்கே ஒரு காலை, எங்கள் கூட்டத்திலேயே சோம்பேறியான ஒருவன் பெட்டியைப் பிரித்துப் பூட்டிய ஸ்கார்ப்பியனைக் கொண்டுவந்தான். மாதக்கணக்கில் அரம் பிடித்த எங்கள் க்ளாட்கள் திணறிய பிளவில் அது சத்தமில்லாமல் ஏறிப் போனது. யாரும் பேசவில்லை. அடுத்த மாதம் கூட்டத்தில் பாதி ஸ்கார்ப்பியன். உன் வயதுக்காரர்கள் இப்போது எஸ்சிஎக்ஸ்10-இன் மூன்றாம் தலைமுறையைப் பார்த்து முணுமுணுக்கும் அதே வார்த்தைகளை நாங்கள் உன் வண்டியைப் பார்த்து முணுமுணுத்தோம். அதனால் "கிட் வாங்குகிறவன் கிராலர்காரனே இல்லை" என்ற உன் கடைசிப் பத்தியை என்னால் ரசிக்க முடியவில்லை. ஒரு கிட்டை ஸ்க்ரூ ஸ்க்ரூவாகப் பூட்டுகிற பையனுக்குத் தன் வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். உன் கையில் இருப்பதும் ஒரு காலத்தில் யாரோ ஒருவனுடைய கிட்.

திட்டி முடித்தேன். மூன்றாம் பக்கத்துப் பின் லிங்க் விஷயத்துக்கு வருகிறேன்.

மேல் லிங்க்கின் சேசிஸ் முனைக்கு மூன்று துளை போட்டு, ஒரே கல்லில், ஒரே ஏற்றத்தில் மூன்றையும் ஓட்டிப் பார்த்திருக்கிறாய். கீழ்த் துளையில் பின்பக்கம் எழும்பித் துள்ளியது, மேல் துளையில் குந்திக்கொண்டு முன்பக்கத்தை இலேசாக்கியது, நடுத் துளை பிடித்துக்கொண்டது என்று படத்தோடு எழுதியிருக்கிறாய். இதை இவ்வளவு தெளிவாக நான் எங்கேயும் படித்ததில்லை, எந்த மொழியிலும். ஆன்டி-ஸ்க்வாட் என்று பெரிய பெரிய வரைபடம் போட்டு விளக்குகிறவர்களிடம் நான் வருஷக்கணக்கில் தலையாட்டியிருக்கிறேன். உன் மூன்று துளை அதை ஒரே பத்தியில் முடித்துவிட்டது. அந்தப் பக்கத்தைக் கிழித்து என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். இப்படி எழுதத் தெரிந்தவனுக்கு 180 டாலர் அட்டவணை எதற்கு என்பதுதான் என் எரிச்சலே.

அடுத்த மலருக்கு இதன் தொடர்ச்சி எழுதப் போவதாக மலர்க்குழு நண்பர் சொன்னார். நல்லது. முன் ஆக்சில் எடை, பின் ஆக்சில் எடை, பலகைக் கோணம் மூன்றும் அதில் இருக்கட்டும். அந்தப் பெரிய சர்வோவை இனியும் பழைய இ.எஸ்.சி.க்குள் இருக்கும் மின்வழங்கியில் (பி.இ.சி.) மாட்டி ஓட்டாதே. சர்வோ கல்லில் இறுகி மின்சாரத்தை இழுக்கும்போது வோல்ட் சரிகிறது, ரிசீவர் ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது. நீ "ரேடியோ கோளாறு" என்று எழுதியிருப்பது அதைத்தான். ரேடியோவை மாற்றக் கிளம்பிவிடாதே. சர்வோவுக்குத் தனி பி.இ.சி. ஒன்றை வாங்கி மாட்டு, அதன் விலையையும் அட்டவணையில் எழுது.

அன்புடன்,
அண்ணன்