மோட்டாரின் இணைப்புப் பெட்டி: அமைக்கும் முறையும் பாதுகாப்பும்

நுகேகொடைப் பகுதியின் வீட்டுத்தோட்டங்களில் கிணற்று நீரை இறைப்பதற்கு 230 வோல்ற்று மின்மோட்டார்கள் பயன்படுகின்றன. மின்வடம் மோட்டாரின் சுருள்களோடு சேருமிடம் அதன் இணைப்புப் பெட்டியாகும். இப்பெட்டியினுள் மழைநீர் புகுமாயின் மின் கசிந்து மோட்டாரின் உடலிற் பாயக்கூடும். ஈரத்தரையில் நின்று அதனைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து நேரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை பெறும் இப்பிரதேசத்தில் பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளுதல் அவசியம்.

1. இடம்

மோட்டாரைத் தரைமட்டத்துக்கு மேலான சீமெந்து மேடையில், கூரையின் கீழ், கிணற்றுநீர் தெறிக்காதவாறு பொருத்துதல் வேண்டும். காற்றோட்டத்தைத் தடுக்கும்படி சாக்கினால் மூடலாகாது. மோட்டார் சூடேறிக் கெடும்.

2. வடம் நுழையும் வாய்

வடம் நுழையும் வாய் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ இருத்தல் வேண்டும். மேல்நோக்கி இருத்தல் ஆகாது. பல மோட்டார்களில் பெட்டியைக் கழற்றித் திருப்பிப் பூட்டலாம். வடம் வாயினுட் செல்லுமுன் சற்றுத் தாழ்ந்து வளைந்து ஏறுமாறு விடின், அதன்வழி வரும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். வடத்தை இறுகப் பற்றும் இறப்பர் வளையமும், மூடியின் கீழ் இறப்பர்த் தட்டும் இருத்தல் வேண்டும். பயன்படாத துளைகளை அடைத்துவிடுக.

3. இணைப்பு

இவ்வேலையைத் தகுதி பெற்ற மின்வினைஞரே செய்தல் வேண்டும். பிரதான ஆளியை நிறுத்தி, மின் இல்லையெனச் சோதித்த பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். மின்னை நிறுத்திய பின்னரும் கொள்ளளவியில் மின்னேற்றம் எஞ்சியிருக்கலாம். அதனை முறைப்படி இறக்காமல் முனைகளைத் தொடலாகாது. சுரைகள் தளர்ந்திருப்பின் முனை சூடேறிக் கருகும்.

‘திரீ பேஸ்’ எனப்படும் மூவவத்தை மோட்டாரெனின், பெயர்த்தகட்டைப் பார்த்தே இணைத்தல் வேண்டும். 400 வோல்ற்று வழங்கலில், 230/400 எனக் குறித்த மோட்டார் ‘ஸ்டார்’ முறையிலும், 400/690 எனக் குறித்தது ‘டெல்டா’ முறையிலும் இணைக்கப்படும். முன்னையதை டெல்டாவில் இணைத்தால் சுருள்கள் எரிந்துவிடும்.

4. புவித்தொடுப்பு

பச்சை-மஞ்சள் கம்பியைப் புவிக்குறியிட்ட திருகாணியிற் பூட்டுதல் வேண்டும். பெட்டியினுள் இதனை ஏனைய கம்பிகளிலும் சற்று நீளமாக விடுக. வடம் தற்செயலாக இழுபட்டாலும் புவிக்கம்பியே கடைசியில் அறும். 30 மில்லி அம்பியர் கசிவிற்கே மின்னைத் துண்டிக்கும் ‘ட்ரிப் சுவிட்ச்’ ஒன்றும் இருத்தல் வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை இடையிடையே அழுத்திப் பார்க்க.

5. மழைக்கு முன்

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்திலேயே பெட்டியைத் திறந்து பார்ப்பித்தல் நன்று. ஈரம், துரு, எறும்புக்கூடு, வெடித்த இறப்பர் ஆகியவற்றைக் கண்டால் உடனே சீர்செய்க.

கிணற்றடியில் எவரேனும் மின்னதிர்ச்சிக்கு ஆளாயின் அவரைத் தொடலாகாது. முதலில் பிரதான ஆளியை நிறுத்துக.